கழற்ற வராத தையல்

குழந்தைக்கு டயப்பர் மாட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கடையில் வாங்கும் பாக்கெட்டிலேயே படம் போட்டிருக்கிறது. மாட்டியது விடியும்வரை எப்படி இருக்கும் என்பதற்குத்தான் யாரும் படம் போட்டுத் தருவதில்லை. அந்த வீட்டில் அது ஒருநாளும் இருந்ததில்லை. காலையில் பார்த்தால் டயப்பர் கட்டிலுக்கு வெளியே தரையில் கிடக்கும். கம்பி வைத்த சின்னக் கட்டிலுக்குள் குழந்தை வெற்று உடம்போடு குப்புறக் கிடக்கும். விரிப்பு தொப்பலாக நனைந்திருக்கும்.

குழந்தைக்கு இரண்டரை வயது. அம்மாவுக்குப் பாப்பா, அவனுக்குக் குண்டூசி. அவன் என்றால், குழந்தையின் அம்மாவுக்கு இரண்டாவது கணவன். முதல் கணவன் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே போய்விட்டான். செத்துப்போகவில்லை, சும்மா போய்விட்டான். அப்படிப் போனவனுக்காக இதற்குமேல் ஒரு வரி செலவழிப்பது வீண்.

இவன் வண்டிகளுக்கு சீட் கவர் தைப்பவன். நாற்பதை நெருங்கும்வரை தையல் மிஷினைத் தவிர வேறு யாரோடும் குடித்தனம் நடத்தாதவன். கல்யாணம் ஆகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. அவன் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்த அன்றைக்கே குழந்தை அவன் புறங்கையில் ஒரு கிள்ளு கிள்ளியது. நகம் பதிந்த இடத்தைத் தடவிக்கொண்டே அவன் வைத்த பேர்தான் குண்டூசி. அதற்குப் பிறகு அவள் கிள்ளவில்லை, ஒட்டிக்கொள்ளவும் இல்லை. பிஸ்கட் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். ஊஞ்சலைத் தள்ளினால் ஆடுவாள். கீழே விழுந்து அடிபட்டால் மட்டும், பக்கத்திலேயே நிற்கும் அவனைத் தாண்டி ஓடிப்போய் அம்மாவின் காலைக் கட்டிக்கொள்வாள். அப்படித் தாண்டிப் போகும்போது அவனுக்கு உள்ளே சுருக்கென்று இருக்கும். யாரிடமும் சொன்னதில்லை.

அவளுடைய அம்மாவுக்கு ஒரு பெரிய லாண்டரியில் வேலை. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் மூட்டை மூட்டையாக விரிப்புகள் வரும். துவைத்து, உலர்த்தி, சூடான உருளை மிஷினில் விட்டுச் சுருக்கம் எடுத்து மடித்து அனுப்பவேண்டும். "ஊர்ல இருக்கிற விரிப்பையெல்லாம் முடிச்சுட்டு வந்தா, வீட்டு விரிப்பு எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கு" என்று அவள் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்புக்குக் கீழே அலுப்பு இருக்கும். இத்தனை வருஷம் உருளையின் சூட்டில் நின்றவளை, இரவு ஷிஃப்டுக்கு மேற்பார்வையாளராகப் போடுவதாக இப்போது சொல்லியிருந்தார்கள். அடுத்த வாரமே சேரவேண்டும். அவள் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய பொறுப்பு அது. அவள் போய்விட்டால் ராத்திரியில் குழந்தை யாரிடம் இருக்கும் என்பதுதான் கேள்வி.

பதில் இரண்டு தெரு தள்ளி இருந்தது. அவளுடைய அக்கா, குண்டூசியின் பெரியம்மா. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி முடித்தவள், நல்ல மனசு, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். ராத்திரிக்குப் பாப்பா தன் வீட்டில் படுக்கட்டும், காலையில் குளிப்பாட்டிக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். அவனைப் பார்த்து, "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி, இது ஆம்பிளைங்களுக்கு ஆகிற வேலை இல்ல" என்றாள். அவன் தலையாட்டினான். உள்ளுக்குள் கணக்குப் போட்டான். ராத்திரி பெரியம்மா வீடு, பகல் காப்பகம், சாயந்திரம் அம்மா. இதில் அவனுக்கு மிஞ்சுவது வாசலில் டாட்டா காட்டுகிற வேலை மட்டும். அப்படி ஒரு வருஷம் போனால் போதும், அந்தக் குழந்தைக்கு அவன் வீட்டில் இருக்கும் ஒரு மாமா, அவ்வளவுதான்.

அன்றைக்குத் துணி மடித்துக்கொண்டே குழந்தையின் அம்மா அவனிடம் கேட்டாள்.

"விரிப்பு நனையறது எனக்கு ஒரு பொருட்டே இல்லீங்க. ராத்திரி முழிச்சா அவ உங்ககிட்ட வருவாளா? அது மட்டும் எனக்குத் தெரியணும். வருவான்னு சொல்லுங்க, நான் நிம்மதியா வேலைக்குப் போறேன்."

"டயப்பர் கழறாம நான் பாத்துக்கறேன்" என்றான் அவன்.

கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. பதில் தெரியாத ஆம்பிளைகள் இப்படித்தான், எதையாவது ரிப்பேர் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. அக்காவிடம் மட்டும், அவர் என்னமோ செய்கிறேன் என்கிறார், பார்ப்போம் என்று சொல்லிவைத்தாள்.

முதலில் எல்லாரும் செய்து பார்க்கும் வைத்தியங்கள் நடந்தன. டயப்பரை முன்பின்னாக மாற்றி மாட்டினார்கள். குண்டூசி கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பட்டையைப் பிய்த்தாள். மேலே இறுக்கமான ஜட்டி போட்டார்கள். ஜட்டியும் டயப்பரும் ஜோடியாகத் தரைக்கு வந்தன. பட்டறையில் கூட வேலை செய்யும் ஒருவன் பார்சல் ஒட்டும் டேப்பைச் சுற்றச் சொன்னான். இவனும் புத்தி கெட்டுப்போய்ச் சுற்றினான். காலையில் அந்த டேப் குழந்தையின் தலைமுடியில் ஒட்டிக்கிடந்தது. அதை எண்ணெய் தடவிப் பிரித்து எடுப்பதற்குள் குழந்தை அழுது ஊரைக் கூட்டியது. அம்மாக்காரி அன்றைக்கு முழுக்க அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்போதுதான் அவனுக்குத் தன் தொழில் ஞாபகம் வந்தது. பட்டறையில் அவனுக்கென்று ஒரு பேர் உண்டு. அவன் தைத்த கவர் கழறாது. பஸ்ஸில் போகிறவர்கள் சும்மா உட்கார்ந்து போவதில்லை. சீட்டைச் சுரண்டுவார்கள், நூலை இழுப்பார்கள், பேனாவால் குத்துவார்கள். அத்தனைக்கும் ஈடு கொடுக்க, ஓரத்தை உள்ளே மடித்து, அடியில் கம்பியைக் கோத்து, கொக்கி போட்டு இழுத்துக் கட்டுவான். "இவன் தைச்சதைக் கழட்டணும்னா வண்டியையே உடைக்கணும்" என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடிப்பார். பஸ் பஸ்ஸாக ஆட்களைச் சமாளித்தவனுக்கு இந்த இத்துனூண்டு குழந்தை எம்மாத்திரம்?

மெத்தென்று பருத்தித் துணி வாங்கிவந்தான். கழுத்திலிருந்து பாதம்வரை ஒரே உடுப்பாகத் தைத்துவிட்டால் கை உள்ளே போக வழி இருக்காது என்பது யோசனை. அளவு டேப்பைக் கண்டாலே குண்டூசி ஓடினாள். அதனால் அவள் தூங்கும்போது அளவெடுத்தான், நூல் பிசகாமல். அங்கேதான் வந்தது வினை. சீட்டுக்கு அளவெடுத்துப் பழகிய கை அது. சீட் குனியாது, நிமிராது, முட்டியை மடக்காது. குழந்தை இதையெல்லாம் செய்யும் என்பது அந்த மனுஷனுக்குத் தைத்து முடிக்கும்வரை உறைக்கவில்லை.

உடுப்புக்குள் நுழைத்து நிறுத்தினால் குண்டூசி நின்றாள். நின்றபடியே இருந்தாள். உட்காரப் பார்த்தாள், முட்டி மடங்கவில்லை. அப்படியே வெட்டிய மரமாட்டம் மெத்தையில் மல்லாக்கச் சாய்ந்தாள். சாய்ந்ததும் கெக்கெக்கே என்று சிரித்தாள். "இன்னொரு வாட்டி" என்றாள். தூக்கி நிறுத்தினான், மறுபடி சாய்ந்தாள். அம்மாக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வீட்டில் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதோடு அவன் கடையைக் கட்டியிருந்தால் இந்தக் கதை இவ்வளவு தூரம் வந்திருக்காது.

அவன் விடவில்லை. கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டது. இரண்டாவது உடுப்பில் முட்டிக்கும் இடுப்புக்கும் தாராளமாகத் துணி விட்டான். திறப்பை முதுகுப் பக்கம் கொண்டுபோனான். கழுத்திலிருந்து இடுப்புக்குக் கீழேவரை ஜிப், ஜிப்புக்கு மேலே அதை மறைக்க ஒரு மடிப்பு, மடிப்பு தூக்காமல் இருக்க இரண்டு கொக்கி. வேண்டுமென்றே இரட்டைத் தையல் போட்டான்.

அம்மா வீட்டில் இருக்கும்போதே ஒத்திகை பார்த்தார்கள். காலையில் டயப்பர் அது இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. கனத்துத் தொங்கியது. விரிப்பு காய்ந்திருந்தது. மறுநாளும் அப்படியே. அவன் பட்டறையில் போய் மார்தட்டிக்கொண்டான். முதலாளி அவன் முதுகில் தட்டி, இதையே ஒரு தொழிலாகச் செய்யலாமே என்றார்.

குழந்தை மட்டும் சரியாக இல்லை. காலையில் போய்ப் பார்த்தால் முழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள், சத்தமே இல்லாமல். பகலில் சிணுங்கினாள். அவன் கொடுத்த பிஸ்கட்டை வாங்கவில்லை. அம்மாக்காரி இதைச் சொன்னபோது, புது உடுப்பு, பழகிவிடும் என்றான். பெரியம்மா வந்து அந்த உடுப்பைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது சட்டையா, உறையா தம்பி?" என்று கேட்டாள். அதை அவன் பாராட்டாக எடுத்துக்கொண்டான். ஜெயிக்கிற ஜோரில் இருக்கிறவனுக்குக் காது மந்தமாகிவிடுகிறது.

அம்மாக்காரி முதல் ராத்திரி வேலைக்குக் கிளம்பினாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்குக் கேட்ட கேள்வியை மறுபடி கேட்கவில்லை. கேட்காததே அவனுக்கு உறுத்தியது.

நடுராத்திரியில் குண்டூசி எழுந்து அழுதாள். வழக்கமான அழுகை இல்லை. கழுத்துப் பட்டையை இரண்டு கையாலும் இழுத்து இழுத்து, கட்டில் கம்பியை உதைத்து அழுதாள். அவன் தண்ணீர் கொடுத்தான், பொம்மையைக் கொடுத்தான், தெரிந்த ஒன்றரைப் பாட்டைப் பாடினான். "கழத்து, கழத்து" என்றுதான் அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். சரி, ஒரு நிமிஷம் கழற்றிவிட்டு மாட்டலாம் என்று முதுகைத் திருப்பினான். கொக்கிகள் வந்தன. ஜிப் வரவில்லை. மேல் மடிப்புத் துணி ஜிப்பின் பல்லுக்குள் சிக்கிக்கொண்டிருந்தது. இழுத்தான், ஆட்டினான், ஊதினான். வாழ்நாளெல்லாம் ஜிப் தைத்தவன் ஒரு சாண் ஜிப்பிடம் தோற்றுப்போனான். குழந்தை துள்ளத் துள்ள, கத்திரியைக் கொண்டுவந்து, அவள் உடம்பில் படாமல் தன் விரலை உள்ளே கொடுத்து, தான் போட்ட இரட்டைத் தையலைத் தானே வெட்டினான். நல்ல கெட்டித் தையல். வெட்ட நேரம் எடுத்தது.

வெளியே வந்ததும் குண்டூசி டயப்பரை ஒரே இழுப்பில் பிய்த்து வீசினாள். கட்டில் கம்பியின்மேல் காலைப் போட்டாள். அவன் தூக்கி இறக்கிவிட்டான். அவள் ஓடினாள். அம்மாவைத் தேடி வாசலுக்கு ஓடுகிறாள் என்று நினைத்தான். அவள் ஓடியது குளியலறைப் பக்கம். பாதி வழியில் நின்றாள். தொடை இரண்டையும் இறுக்கி ஒட்டவைத்துக்கொண்டாள். அப்படியும் முடியவில்லை. காலடியில் தரை நனைந்தது. குனிந்து அதைப் பார்த்தாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அப்போதுதான் தேம்பித் தேம்பி, "அம்மா" என்று அழுதாள்.

அவன் துடைக்கத் துணி எடுக்கப் போனான். வழியில் கிடந்த டயப்பரைக் கையில் எடுத்தான். எடுத்தவன் அப்படியே நின்றான். மழையில் நனைந்த சீட்டைக் கொண்டுவந்தால் முதலில் ஸ்பாஞ்சைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பது அவன் வழக்கம். அதேபோல டயப்பரை அமுக்கினான். பஞ்சுபோல லேசாக இருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

தினம் தினம் தரையில் கிடந்த டயப்பர்களை நினைத்துப் பார்த்தான். விரிப்பு நனைந்திருந்ததால் டயப்பரும் நனைந்திருக்கும் என்று யாரும் தொட்டுக்கூடப் பார்க்காமல் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். குழந்தை குறும்புக்குக் கழற்றவில்லை. உச்சா வருகிறது என்று தெரிந்து, அதற்காகக் கழற்றியிருக்கிறாள். கழற்றிவிட்டு இறங்கப் பார்த்தால் கம்பி. இருட்டு. வேறு என்ன செய்வாள்? போதாததற்கு இவன் வந்து முதுகில் ஜிப்பும் வைத்துப் பூட்டிவிட்டான். கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த அந்தக் காலைகள் அவனுக்கு ஞாபகம் வந்தன. அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. அழுகைகூட வந்தது.

"தப்பு என்னோடதுதாண்டா. இனிமே அது வேணாம். தூக்கிப் போட்டுடலாம்" என்றான். குண்டூசி கேட்கிற நிலையில் இல்லை. தூக்கப் போனால் உடம்பை வில்லாக வளைத்தாள். வாசல் கதவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அம்மா அம்மா என்று முனகி, அங்கேயே சுருண்டு தூங்கிப்போனாள். அவன் மெதுவாக ஒரு போர்வையை அடியில் தள்ளி, இன்னொன்றைப் போர்த்தி, நாலடி தள்ளி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

விடிந்ததும் வேலையிலிருந்து வந்தவள் கதவைத் தள்ளினால் கதவு குழந்தையின் காலில் இடித்தது. பார்த்ததும் அவள் முகம் போன போக்கை அவன் சாகிறவரை மறக்கமாட்டான். அவன் எதையும் மறைக்கவில்லை. வெட்டிய உடுப்பையும் காய்ந்த டயப்பரையும் எடுத்து முன்னால் வைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னான். அவள் டயப்பரைத் தொட்டுப் பார்த்தாள். காப்பகத்தில் பகலெல்லாம் பாப்பா கேட்டுக் கேட்டு உச்சா போகிறாள் என்று அங்கே இருக்கும் ஆயா சொல்லியிருக்கிறாள், ராத்திரிக்கு அது வராது என்று தானே முடிவு செய்துவிட்டதாக அவள் சொன்னாள். நானும்தான் கவனிக்கவில்லை என்றாள்.

அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா வந்து சேர்ந்தாள். கதை முழுக்கக் கேட்டாள். திட்டுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். அவள் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நனையறது போறது இல்ல தம்பி விஷயம். நனைஞ்சா துவைச்சுக்கலாம். ராத்திரி பயந்து எழுந்த குழந்தை வாசப்படியில போய்ப் படுத்திருக்கா. உங்ககிட்ட வரல இல்ல?"

"வரல அக்கா" என்றான் அவன்.

அவள் குழந்தையின் துணிகளை எடுத்து வைக்கச் சொன்னாள். தங்கை எழுந்திருக்கவில்லை. ஒரு ராத்திரி பொறு அக்கா என்றாள். பெரியம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இன்றைக்கும் பாப்பா வாசலில் போய் உட்கார்ந்தால் எத்தனை மணியானாலும் தன்னைக் கூப்பிடவேண்டும், வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவேன், அதற்குப் பிறகு இந்தப் பேச்சே இருக்கக்கூடாது என்றாள். அவன் சரி என்றான். அவள் கேட்டது நியாயம் என்று அவனுக்கே தெரிந்தது.

அன்றைக்குப் பட்டறைக்கு லீவு சொன்னான். காப்பகத்துக்கும் அனுப்பவில்லை. ராத்திரி வேலை பார்த்துவந்த அம்மாக்காரி உள்ளறையில் தூங்கவேண்டும், அதனால் வீட்டில் சத்தம் கூடாது. பகல் முழுக்க அவனும் குண்டூசியும் ரகசியக் குரலில்தான் பேசினார்கள். அது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. முதலில் தள்ளி நின்றே பார்த்தாள். அவன் ஸ்பானரை எடுத்துக் கட்டிலின் ஒரு பக்கத்துக் கம்பியைக் கழற்றத் தொடங்கியதும் கிட்டே வந்தாள். கழன்ற போல்ட்டுகளை ஒவ்வொன்றாக அவள் உள்ளங்கையில் வைத்தான். ஏதோ நகையை வாங்குவதுபோல வாங்கிக்கொண்டு கிண்ணத்தில் போட்டாள். கம்பி போனதும் கட்டிலில் ஏறினாள், இறங்கினாள், ஏறினாள், இறங்கினாள். அவனைப் பார்த்து, "கம்பி போச்சு" என்று காதோடு சொன்னாள்.

மெத்தைக்கு மேலே ரெக்சின் விரித்து, அதற்கு மேலே விரிப்பைப் போட்டான். குளியலறைக்குப் போகும் வழியில் மங்கலான ஒரு விளக்கைப் பொருத்தினான். குழந்தைகள் உட்காரும் பிளாஸ்டிக் இருக்கை ஒன்று மூலையில் கிடந்தது. பகலில் அதில் உட்காரவைத்தால் "ஜில்லு" என்று எழுந்துவிடுவாள். அதைப் பார்த்ததும் கை அரித்தது. கடைசியில் அவனுக்குத் தெரிந்த வேலைக்கே வந்துவிட்டான். பையிலிருந்து மூன்று கலர் ரெக்சின் துண்டுகளை எடுத்துக் காட்டினான். குண்டூசி சிவப்பைத் தொட்டாள். மெல்லிய ஸ்பாஞ்ச் வைத்து, வளையமாக வெட்டி, எலாஸ்டிக் கொடுத்துத் தைத்தான். அவளே மாட்டலாம், அவளே உருவலாம். அவன் வாழ்க்கையில் சுலபமாகக் கழறுகிற மாதிரி தைத்த முதல் சீட் கவர் அதுதான். முதலாளி பார்த்தால் வேலையை விட்டே அனுப்பியிருப்பார்.

சாயந்திரம் விளையாட்டாகவே சொல்லிக் கொடுத்தான். விளக்கை அணைத்துவிட்டு, அவளைக் கட்டிலில் படுக்கவைத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் தானும் படுத்தான். உச்சா வந்தால் இறங்கிவந்து என்னை எழுப்பு, நான் கூட வருகிறேன் என்றான். படுத்தாள், கண்ணை இறுக்கி மூடினாள், உடனே எழுந்தாள். அவன் மூக்கைப் பிடித்து ஆட்டினாள். இருவரும் விளக்கு வெளிச்சத்தில் நடந்து போனார்கள், சிவப்பு இருக்கையில் ராணி மாதிரி உட்கார்ந்தாள், ஒன்றும் வரவில்லை, திரும்பினார்கள். அவன் முழங்கால் வலிக்கும்வரை அதையே செய்யவைத்தாள். விளையாட்டில் வருகிறவள் பயந்து முழிக்கும்போதும் வருவாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

அம்மாக்காரி கிளம்பும்போது குண்டூசி உதட்டைப் பிதுக்கினாள். அழவில்லை. டயப்பரை அவன் எடுத்து நீட்டினான். வேண்டாம் என்று தள்ளினாள். அவனும் வற்புறுத்தவில்லை. தானே இறக்கிக்கொள்ள வசதியாக ஒரு தொளதொள ஜட்டியைப் போட்டுவிட்டான்.

தூங்கக்கூடாது என்று தீர்மானமாகத் தரையில் படுத்தான். இப்படித் தீர்மானம் எடுத்தவர்கள் யாரும் தூங்காமல் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. அவள் புரளும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தான். ஒரு தடவை வாசல் பக்கம் ஏதோ சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்தான். குழந்தை கட்டிலில்தான் இருந்தாள். போனை எடுத்துப் பெரியம்மாவின் நம்பரைப் பார்த்தான், கீழே வைத்தான். அதற்குப் பிறகு எப்போது கண் அசந்தது என்று அவனுக்கே தெரியாது.

ஒரு விரல் அவன் இமையைத் தூக்கியது. தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தது. ஜன்னலில் இன்னும் வெளிச்சம் வரவில்லை.

"எந்திரி" என்றாள் குண்டூசி. "உச்சா."

அவன் எழுந்திருக்கவேண்டும். எழுந்திருக்க முடியவில்லை. அவள் இடதுகையால் ஜட்டியைப் பிடித்துக்கொண்டு, வலதுகையை அவன் நெஞ்சில் ஊன்றிக் குனிந்து நின்றாள். வாசல் கதவு அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"சீக்கிரம்" என்று அதட்டினாள்.

அள்ளிக்கொண்டு ஓடினான். தூக்க வேண்டாம், நடப்பேன் என்று திமிறி இறங்கி அவன் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சிவப்பு இருக்கையில் உட்கார்ந்தாள். சத்தம் கேட்டது. உலகத்தில் எத்தனையோ இனிமையான சத்தங்கள் இருக்கலாம், அந்த நேரத்தில் அவனுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவள் தலையை நிமிர்த்தி அவன் முகத்தைப் பார்த்து, ஏன் அழுகிறாய் என்று கேட்டாள். தூக்கம் என்றான்.

கால் கழுவிவிட்டுக் கொண்டிருக்கும்போது போன் அடித்தது. லாண்டரியிலிருந்து அவள்தான். இடைவேளையில் கூப்பிடுகிறாள். பின்னால் மிஷின்கள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. முழித்தாளா என்று கத்திக் கேட்டாள்.

"முழிச்சா. எங்கிட்ட வந்தா" என்றான் அவன்.

"என்னங்க? கேக்கல."

"எங்கிட்டதான் வந்தா" என்று குரலை உயர்த்திச் சொன்னான். "எழுப்பினா. போயிட்டு வந்துட்டோம். விரிப்பு நனையல."

அந்தப் பக்கம் அவள் நடக்கும் சத்தம் கேட்டது, ஒரு கதவு திறந்து மூடியது.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

அவனும் சொன்னான், முன்னைவிட உரக்க. குண்டூசி ஈரக்காலோடு அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இன்னொரு தடவை."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. போனில் மிஷின் சத்தம் அந்தக் கதவு மூடியபோதே நின்றுபோயிருந்தது. அவள் மூக்கை உறிஞ்சுவதுகூடத் தெளிவாகக் கேட்டது. அவன் குரலைத் தணித்துக்கொண்டு, நிதானமாக, மறுபடியும் சொன்னான்.

"எங்கிட்ட வந்தாம்மா."